திறந்து பார்

காரின் சாவிக்குள் இருக்கும் செல் ஒரே நாளில் தீர்ந்துவிடுவதில்லை. முதலில் தூரம் குறைகிறது. சென்ற மாதம் வரை வீட்டு வாசலிலிருந்தே கதவைத் திறந்த பொத்தான், இப்போது வண்டியை நெருங்கிய பிறகே வேலை செய்கிறது. பிறகு ஒருமுறை அழுத்துவது போதாமல் இருமுறை, மும்முறை அழுத்த நேர்கிறது. சில வண்டிகளில் வேகமானிக்குப் பக்கத்தில் 'கீ பேட்டரி லோ' என்று ஓர் அறிவிப்பு எழுந்து மறைகிறது. இத்தனை முன்னறிவிப்புகளுக்குப் பிறகும் நம்மில் பலர், சேவை மையத்தைத் தொலைபேசியில் அழைத்து, நாள் குறித்து, வண்டியை ஓட்டிச் சென்று, கண்ணாடித் தடுப்புக்கு இப்புறம் அமர்ந்துகொண்டு, அப்புறத்தில் ஒருவர் ஐந்து நிமிடத்தில் செய்யும் வேலைக்காக அரை நாளைச் செலவிடுகிறோம்.

இதைச் சோம்பல் என்று சொல்லி முடித்துவிட இயலாது. அதே மனிதர்கள்தாம் குழல்விளக்கின் ஸ்டார்ட்டரைத் திருகிக் கழற்றி மாற்றுகிறார்கள். குக்கரின் ரப்பர் வளையம் தளர்ந்தால் புதியதை வாங்கிப் பொருத்துகிறார்கள். மிதிவண்டியின் கழன்ற சங்கிலியை ஒரு குச்சியால் ஏற்றிவிடுகிறார்கள். இவையெல்லாம் தமிழில், வாய்மொழியாக, ஒருவர் செய்வதை மற்றொருவர் பார்த்தபடி வந்து சேர்ந்த வேலைகள். கார்ச் சாவி அப்படி வரவில்லை. அதைப் பற்றிய அறிவு, தலையணை போன்ற ஓர் ஆங்கிலக் கையேட்டின் நடுப்பக்கங்களில் மடிந்து வந்தது. நம் கைக்கு இதுவரை வந்த வாகனக் கையேடுகளில் ஒன்றுகூடத் தமிழில் இல்லை. இது கார் வைத்திருப்போரின் சின்னக் குறை என்று இலக்கிய வாசகர்கள் ஒதுங்கிக்கொள்ளக்கூடும். நமக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று சொல்லும் உரைநடையை இலக்கியத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்தியவர்கள் நாம்தாம். அதன் விளைவுகளில் ஒன்று இந்தச் சாவி.

பொருளின் பெயரிலிருந்து தொடங்கலாம். சாவி என்ற சொல் போர்த்துகீசிய மொழியின் 'ஷாவே'யிலிருந்து வந்தது. பழைய திறவுகோல் இன்று மேடைப்பேச்சில் மட்டும் உயிர்வாழ்கிறது. வெற்றிக்குத் திறவுகோல் உண்டு, வீட்டுக்கு இல்லை. ஈழத்துத் தமிழில் 'திறப்பு' என்பார்கள். செயலையே பொருளுக்குப் பெயராக வைத்துக்கொண்ட அழகிய சொல். இன்றைய கார்ச் சாவிக்கு இது எல்லாவற்றையும்விடப் பொருந்துகிறது, ஏனெனில் அதில் கோலும் கண்ணுக்குத் தெரிவதில்லை, பற்களும் தெரிவதில்லை. திறத்தல் மட்டும் எஞ்சியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் செய்ததும் சுவையானது. 1982-இல் ரெனோ நிறுவனத்தின் ஃபுவேகோ காரில் தொலைவிலிருந்து கதவைத் திறக்கும் சாவி வந்தபோது, அதை உருவாக்கிய பால் லிப்ஷுட்ஸின் பெயரைச் சுருக்கி அதற்குப் 'பிளிப்' என்று பெயரிட்டார்கள். இன்றும் பிரெஞ்சுப் பேச்சில் அது பிளிப்தான். நம் தெருவில் 'ரிமோட் சாவி'. உள்ளே இருப்பது 'பட்டன் செல்' அல்லது 'வாட்ச் செல்'. மின்கலம் என்ற சொல்லோடு நமக்குப் பகையில்லை. ஆனால் கடிகாரக் கடையில் போய் மின்கலம் கேட்டுத் திண்டாடுவதில் பயனில்லை என்பதால் இக்கட்டுரையில் செல் என்றே எழுதுகிறோம்.

அந்தச் செல்லின் முதுகில் பொறித்திருப்பதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலான கார்ச் சாவிகளில் இருப்பது சி.ஆர். 2032. 'சி' என்பது உள்ளே லித்தியமும் மாங்கனீசு டை ஆக்சைடும் இருப்பதைச் சொல்கிறது. 'ஆர்' வட்ட வடிவத்தை. 20 என்பது விட்டம், மில்லிமீட்டரில். 32 என்பது தடிமன், 3.2 மில்லிமீட்டர். சி.ஆர். 2025 என்றிருந்தால் அதே விட்டம், தடிமன் மட்டும் 2.5 மில்லிமீட்டர். இரண்டுமே 3 வோல்ட். ஆகவே 2032 இருந்த இடத்தில் 2025-ஐ வைத்தால் மின்னழுத்தம் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த 0.7 மில்லிமீட்டர் இடைவெளியில் தொடுதகடு எட்டாமல் போகும், அல்லது குலுங்கும்போது விட்டுவிட்டு வேலை செய்து ஆளைக் குழப்பும். அசையும் சீரும் எண்ணிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு பெரிதில்லை. கடைக்காரர் 'இதுவும் பொருந்தும் சார்' என்று வேறொன்றைத் தரும்போது மறுக்கத் தெரிந்தால் போதும்.

பொத்தானை அழுத்தும்போது சாவி ஒரு சிறிய வானொலி நிலையமாகிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் அது ஒரு குறியெண்ணை அனுப்புகிறது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315-இல். ஒவ்வொரு முறையும் அந்த எண் மாறுவதால், நேற்றைய எண்ணை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தவன் அதையே இன்று திருப்பி ஒலித்துக் கதவைத் திறக்க முடியாது. அழுத்தும் நொடியில் மட்டும் செலவு என்பதால் இத்தகைய சாவியில் ஒரு செல் ஆண்டுக்கணக்கில் வரும். பையிலிருந்து எடுக்காமலே கதவு திறக்கும் 'ஸ்மார்ட் சாவி'யின் கதை வேறு. வண்டி தாழ்ந்த அலைவரிசையில் கூப்பிட, சாவி அதைக் கேட்டுப் பதில் சொல்கிறது. கேட்பதற்காக அது எப்போதும் அரைத்தூக்கத்திலேயே இருந்தாக வேண்டும். சுவருக்கு அப்பால் வண்டி நிற்க, இப்பால் ஆணியில் சாவியை மாட்டிவைப்பவர்கள் இரவு முழுவதும் அவ்விரண்டையும் பேசவிட்டிருக்கக்கூடும். சற்றுத் தள்ளி, தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் விலகிய இடத்தில் வைத்தால் செல் கூடுதல் காலம் தாங்கும்.

இனி வேலை. மேசைமேல் வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். தெறித்து விழும் சிறு பாகம் அதில் கண்ணுக்குத் தெரியும், உருண்டோடாது. சாவியின் ஓரத்தில் ஒரு சிறு தாழ் இருக்கும். அதை அழுத்தியபடி இழுத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் உலோகச் சாவி வெளியே வரும். அது இருந்த வாயைப் பாருங்கள். இரண்டு ஓடுகளும் சேரும் கோட்டில், பெரும்பாலும் அந்த வாய்க்கு அருகிலேயே, நகம் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். திறப்பதற்கென்றே அமைத்த இடம் அது. வேறெங்கும் நெம்பக் கூடாது. சிறிய தட்டைத் திருப்புளியின் நுனியில் துணியையோ நாடாவையோ சுற்றி, அந்தப் பள்ளத்தில் வைத்து, நெம்பாமல் திருகுங்கள். முதல் கவ்வி விடுபடும்போது 'டிக்' என்று ஓர் ஓசை கேட்கும். எதையோ உடைத்துவிட்டோம் என்று முதன்முறை செய்பவர் நெஞ்சு பதறுவது அப்போதுதான். உடையவில்லை. புளியம்பழத்தின் ஓடு முதற்பிளவுக்குப் பிறகு எளிதாகக் கழல்வதுபோல், அங்கிருந்து ஓரமாக விரல்நகத்தை நகர்த்திக்கொண்டே போனால் மற்றக் கவ்விகளும் விடும்.

திறந்ததும் செல்லை எடுத்துவிட வேண்டாம். முதலில் பாருங்கள்: கூட்டல் குறியும் எழுத்துகளும் உள்ள அகன்ற முகம் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? இது சாவிக்குச் சாவி மாறும். மறந்துபோகும் என்று தோன்றினால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். ஓடுகளுக்கு நடுவே மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று இருந்தால் அதன் இடத்தையும் கவனியுங்கள். மழைநீர் உள்ளே போகாமல் காப்பது அதுதான். பழைய செல்லை எடுக்க இரும்பைவிடப் பல்குத்தும் குச்சி நல்லது. திருப்புளி, செல்லின் இரு முகங்களையும் ஒருசேரத் தொட்டால் குறுக்குமின்சுற்று ஆகும். மின்பலகையில் கீறினால் சாவியே போகும். புதிய செல்லை விளிம்பில் பிடித்து, முகங்களில் விரல்படாமல் வையுங்கள். பட்டால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். மேற்புறத் தகட்டை வெளியே நிமிர்த்த வேண்டாம். அது சற்று வளைந்திருப்பது செல்லை அழுத்திப் பிடிப்பதற்காக. ரப்பர் வளையத்தை அதன் இடத்தில் அமர்த்தி, இரண்டு ஓடுகளையும் சேர்த்துச் சுற்றிலும் அழுத்தினால், திறந்தபோது கேட்ட அதே ஓசை மீண்டும் வரிசையாகக் கேட்கும். அவ்வளவுதான்.

செல்லை எடுத்தால் சாவி வண்டியை மறந்துவிடுமோ என்ற அச்சம் பரவலாக உண்டு. பெரும்பாலான சாவிகளில் அந்த இரகசிய எண் மின்சாரம் இல்லாமலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. செல் இல்லாமல் சாவி உறங்குமே தவிர மறக்காது. வெகு சில வண்டிகளில் மட்டும் மீண்டும் இணைக்க நேரலாம். அதைக் கையேடு சொல்லும். இன்னொரு செய்தியும் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. செல் முழுவதும் செத்துப்போனாலும் வண்டி ஓடும். சாவிக்குள் செல்லைச் சாராத ஒரு சில்லும் இருக்கிறது. வண்டியிலுள்ள கம்பிச்சுருள் அதற்குத் தேவையான துளி மின்சாரத்தைக் காற்றின் வழியே ஊட்டி, அடையாளம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. 1990-களில் திருட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. ஆகவே ஒளிந்திருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறந்து (சில வண்டிகளில் சாவித்துளை கைப்பிடியின் மூடிக்குள் மறைந்திருக்கும்), எச்சரிக்கை ஒலி எழுந்தால் பதறாமல் உள்ளே அமர்ந்து, ஸ்டார்ட் பொத்தானை ஒட்டியோ கையேடு காட்டும் வேறிடத்திலோ சாவியை வைத்துக்கொண்டு அழுத்தினால் வண்டி கிளம்பும். நள்ளிரவில் ஊருக்கு வெளியே, 'சாவி செத்துவிட்டது' என்று இழுவை வண்டிக்குச் சொல்லியனுப்பும் ஒருவருக்கு இந்தப் பத்தி தமிழில் கிடைத்திருந்தால் அவர் வீடுபோய்ச் சேர்ந்திருப்பார்.

இதுவரை சொன்னவற்றில் பணமும் நேரமும்தான் பணயம். கழற்றிய பழைய செல் மேசையில் கிடக்கிறதே, அதில் ஓர் உயிர் பணயமாக இருக்கிறது. சி.ஆர். 2032-இன் 20 மில்லிமீட்டர் விட்டம், சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கி நிற்பதற்கென்றே அளந்து செய்ததுபோல் இருக்கிறது. சிக்கிய செல் கசிய வேண்டியதில்லை, உடைய வேண்டியதுமில்லை. ஈரமான தசையின் வழியே மின்னோட்டம் பாயத் தொடங்கியதும் எதிர்முனைப் பக்கத்தில் கடுங்காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். காரை இயக்கப் போதாது என்று தூக்கி எறியப்பட்ட செல்லில் இதற்குப் போதுமான மின்சாரம் இருக்கிறது. குழந்தை இருமலாம், எச்சில் வடிக்கலாம், உண்ண மறுக்கலாம். ஒன்றுமே காட்டாமலும் இருக்கலாம். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயமே போதும்: உடனே, ஊடுகதிர்ப் படம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. ஒரு வயது நிறைந்த குழந்தையாகவும் விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு உட்பட்டதாகவும் இருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன், ஆறு முறைக்கு மிகாமல், கொடுக்கலாம் என்பது அமெரிக்காவின் நேஷனல் கேப்பிடல் பாய்சன் சென்டரின் வழிகாட்டல். தேன் தேடிப் புறப்பாட்டைத் தாமதிக்கக் கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே கூடாது.

2020-இல் அமெரிக்காவில் ரீஸ் என்ற பதினெட்டு மாதக் குழந்தை ஒரு ரிமோட்டிலிருந்து விழுந்த பொத்தான் செல்லை விழுங்கி இறந்துபோனாள். அவள் பெயரால் 2022 ஆகஸ்டில் ஒரு சட்டம் வந்தது. செல் அறையைக் குழந்தைகள் திறக்க இயலாதபடி அமைக்க வேண்டும், எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது அதன் சாரம். ஆஸ்திரேலியாவிலும் அதே ஆண்டு ஜூனில் இத்தகைய கட்டாய விதிகள் நடைமுறைக்கு வந்தன. சில நிறுவனங்கள் செல்லின்மேல் கசப்புப் பூச்சும் பூசுகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தொடுமுனை பூச்சின்மேல் படும்படி அமைந்த கருவிகளில் அச்செல் வேலை செய்யாமல் போகலாம். ஆப்பிள் நிறுவனம் தன் ஏர்டேக்கைப் பற்றி இப்படியொரு குறிப்பே தந்திருக்கிறது. புதுச் செல் போட்டும் சாவி பேசவில்லையென்றால் இதையும் ஐயுறலாம். பழைய செல்லின் இரு முகங்களிலும் நாடா ஒட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து, மின்கழிவு வாங்குமிடத்தில் சேர்க்க வேண்டும். புதிய செல்லின் அட்டையில் எச்சரிக்கை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, கடுகளவு எழுத்தில், ஆங்கிலத்தில், பாட்டிகளும் வேலைக்கு வரும் அம்மாக்களும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்கு.

'இதற்கெல்லாம் காணொளிகள் இருக்கின்றனவே' என்று கேட்கப்படும். இருக்கின்றன, தமிழிலும் பல உண்டு, சில மிக நன்றாகவும் உள்ளன. அவற்றால் பயன்பெற்றவர்கள் நாமும். ஆனால் காணொளி காட்டுவது ஒரு சாவியை. நம் கையில் இருப்பது இன்னொன்றாக இருந்தால், பள்ளம் இடம் மாறியிருந்தால், கூட்டல் முகம் திரும்பியிருந்தால், பார்த்தவர் தவிப்பார். ஏன் இப்படிச் செய்கிறோம் என்று சொல்லும் ஒரு வாக்கியம் எல்லாச் சாவிகளுக்கும் உதவும். அந்த வாக்கியத்தை எழுதுவதற்கு உழைப்பு வேண்டும். எதிரில் இல்லாத ஒருவரின் விரல்களை, அவர் கையிலுள்ள, நாம் கண்டிராத ஒரு பொருளின்மேல் சொற்களால் நகர்த்த வேண்டும். நிலவொளியைப் பத்துப் பக்கம் வருணிக்கத் துணியும் நம் எழுத்தாளர்கள் இதைச் செய்து பார்க்கட்டும்.

இது தமிழுக்குப் புதிதும் இல்லை. 1951-இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' என்ற நூலை எத்தனை தலைமுறைப் பெண்கள் பெட்டியில் வைத்து அயலூருக்கும் அயல்நாட்டுக்கும் எடுத்துச் சென்றார்கள் என்பது நாம் அறிந்ததே. பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத ஒருத்தியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட உரைநடை அது. தலைப்பே ஏவலும் ஊக்கமுமாக இருக்கிறது. அறிவியலைத் தமிழில் எழுதிய பெ. நா. அப்புஸ்வாமி சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும்கூட. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்த பெரியசாமித் தூரன் கீர்த்தனைகள் இயற்றிய கவிஞர். இரண்டு வேலைகளும் ஒரே கையில் இருந்தன. எப்போது பிரிந்தன என்று ஆராய இது இடமன்று. பிரிந்த பிறகு ஒன்றின் மதிப்பு உயர்ந்தது, மற்றது துண்டுப் பிரசுரங்களுக்கும் யாரும் படிக்க இயலாத மொழிபெயர்ப்புகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அரசு அலுவலகப் படிவத்தின் தமிழைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாமே செய்துகொண்டால் கடிகாரக் கடைக்காரரின் பிழைப்பு என்னாகும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். செல்லை அவரிடம்தானே வாங்கப்போகிறோம்! சொல்லப்போனால் மேலே எழுதியதில் பாதி, அத்தகைய ஒரு கடை வாசலில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டது. அவர் செல்லை விளிம்பில் பிடிக்கும் விதத்தில் ஒரு நயம் இருக்கிறது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அதைப் பார்க்கக் கிடைப்பதில்லை. நம் மனத்தாங்கல் அந்தத் தடுப்போடுதான், உழைப்பவரோடு இல்லை.

எல்லாச் சாவிகளும் திறக்க இசையும் என்றும் சொல்ல மாட்டோம். ஓடுகளைப் பசைவைத்து ஒட்டியவையும், செல்லையே மின்பலகையில் பற்றவைத்தவையும் உண்டு. அவற்றைக் கைதேர்ந்தவரிடம் விடுவதே அறிவு. பொருளைச் செய்பவர் அதைத் திறக்கும்படி செய்ய வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டா என்ற வழக்கு உலகின் பல இடங்களில் நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய மின்கல விதிகளின்படி, பொருள்களில் உள்ள சிறு மின்கலங்களைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்ற கட்டாயம், சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரி 18 அன்று தொடங்கும் என்று வகுக்கப்பட்டது. இத்தகைய சட்டம் இங்கும் வரலாம். வந்தால், எப்படிக் கழற்றுவது என்ற குறிப்பும் பெட்டியில் வரும். அது எந்த மொழியில் இருக்கும், யார் எழுதியிருப்பார் என்பது நம் கவலை.

ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. மேலே 'பள்ளம்' என்று எழுதிய இடத்தில் நமக்கு நிறைவில்லை. பள்ளம் தெருவில் இருப்பது. மரத்தில் வெட்டும் நீண்ட பள்ளத்தைத் தச்சர்கள் 'காடி' என்பார்கள். இது அவ்வளவு நீளமில்லை, நகம் கொள்ளும் அளவுதான். 'கவ்வி' ஓரளவு பரவாயில்லை. செல்லை அழுத்திப் பிடிக்கும் அந்த வளைந்த தகட்டுக்குக் கடிகாரக் கடைக்காரர் ஒரு பெயர் சொன்னார், அது 'ஸ்ப்ரிங்'. பொற்கொல்லர் பட்டறையிலோ, பூட்டு செய்யும் திண்டுக்கல்லிலோ, யாழ்ப்பாணத்துத் திறப்புக் கடையிலோ இவற்றுக்குச் சொற்கள் இருந்தே தீரும். தெரிந்தவர்கள் எழுத வேண்டும்.